கேட் லைட் முதல் ஹால் சீலிங் வரை: மலிவு இறக்குமதியா, பிராண்டா, பழைய ஹோல்டரா?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அஸ்திவாரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார்கள், தேக்கு நிலைக்கு வட்டிக்கு வாங்கியாவது போடுவார்கள், டைல்ஸ் பார்க்க நாலு கடை ஏறி இறங்குவார்கள், கடைசியில் பெயின்டரும் போய், பால்காய்ப்புக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, கார்டும் அடித்த பிறகுதான் லைட் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வரும். அப்போது கையில் மிஞ்சியிருக்கிற பைசாவுக்கு முப்பது நாற்பது லைட்டை ஒரே நாளில் வாங்கி மாட்டியாக வேண்டும். மலிவு ஃபேன்சி லைட் வீட்டுக்குள் வருவது இந்த வழியாகத்தான். பால்காய்ப்பு அன்று வீடு ஜொலிக்கும். இரண்டாவது வருடத்து இடவப்பாதி, அதாவது ஜூன் மழை, முடியும்போது கேட்டில் ஒன்று, முன்வராந்தா சிட்டவுட்டில் ஒன்று, ஹாலில் மூன்று என்று இருட்டடித்திருக்கும்.

சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். நம் முன்னால் இருக்கிற வழிகள் இவைதான்: ஆன்லைனிலும் ஃபேன்சி கடைகளிலும் கிடைக்கிற மலிவு இறக்குமதி லைட்டுகள், பெரிய பிராண்ட் லைட்டுகள், பல்பு மாட்டுகிற ஹோல்டர் உள்ள பழைய பாணி ஃபிட்டிங், வெளிநாட்டிலிருந்து வீட்டார் கொண்டு வருவது, அப்புறம் உள்ளூரில் கோத்து விற்பது. நான் எதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கழித்து ஏணியில் ஏறி நிற்கிற எலெக்ட்ரீசியன் எதை மட்டும் கழற்றி மாற்றினால் லைட் மறுபடி எரியும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் உள்ள லைட்டை வாங்கலாம். பதில் இல்லாததை, அது பாதி விலைக்கே கிடைத்தாலும், யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இறக்குமதி லைட் என்றாலே எப்போதும் மட்டம் என்று இல்லை. எல்இடி புதிதாக வந்த காலத்துச் சீன டவுன் லைட்டைக் கையில் வாங்கினால் கனம் தெரியும். பின்பக்கம் வரி வரியாக வார்த்த அலுமினியம், சூட்டை வெளியே தள்ளுவதற்கு. வீட்டுக் கரண்ட்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிரைவர் தனிப் பெட்டியாக ஒயரில் தொங்கும். விலையும் அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு விலை இறங்க இறங்க, உள்ளே இருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். வார்த்த அலுமினியம் போய் தகடு வந்தது, தகடும் போய் பிளாஸ்டிக்குக்குள் பெயருக்கு ஒரு அலுமினியப் பட்டை வந்தது. இருபத்து நாலு எல்இடி இருந்த இடத்தில் பன்னிரண்டு வைத்து, அதே வெளிச்சம் வர இரண்டு மடங்கு மின்சாரத்தை அதற்குள் தள்ளினார்கள். தனி டிரைவரை எடுத்துவிட்டு, எல்இடி இருக்கிற பலகையிலேயே ஒரு சின்ன ஐசியை வைத்து முடித்துவிட்டார்கள். இதற்கு டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) என்று பெயர், கடைக்காரர்களும் அப்படியே சொல்வார்கள்.

எரியாமல் போன ஒரு மலிவு பேனல் லைட்டைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். வெள்ளை மூடியை நெம்பினால் வட்டமான பலகை, அதன் மேல் மஞ்சள் நிற எல்இடிகள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஒன்றே ஒன்றின் நடுவில் மட்டும் மிளகாய் விதை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. அதுதான் செத்தது. எல்லாம் வரிசையாக ஒன்றின் பின் ஒன்றாக இணைத்திருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் போச்சு. பலகையின் பின்பக்கம் சூடு கடத்தும் பசை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், இல்லை நடுவில் பொட்டு வைத்த மாதிரி கொஞ்சம் இருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒளி விடும் மெலிந்த பேனல் என்றால் ஒளியைப் பரப்ப ஒரு பிளாஸ்டிக் தகடு வேண்டும். நல்லதில் அக்ரிலிக் போடுவார்கள், மலிவானதில் பாலிஸ்டைரீன். அது சூட்டில் பழுத்து மஞ்சளாகும், லைட் எரிந்துகொண்டே இருக்கும், அறை மட்டும் மங்கிக்கொண்டு வரும். கண்ணில்தான் கோளாறு என்று வயதானவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இதற்குச் சீனாவைத் திட்டிப் பயனில்லை. குவாங்டாங் மாகாணத்தில் குச்சென் என்று ஒரு ஊர் இருக்கிறது, உலகத்து ஃபேன்சி லைட்டில் பெரும் பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐரோப்பாவுக்குப் போகிற லைட்டும் அங்கேதான், நமக்கு வருகிற மட்டமும் அங்கேதான். இந்த விலைக்குள் செய்து கொடு என்று வாங்குகிறவர் கேட்கிறார், அவர்கள் செய்து கொடுக்கிறார்கள். நம் நாட்டுப் பெரிய பிராண்டுகளுக்குள்ளும் எல்இடி சிப், ஐசி எல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவைதான், அதை மாற்றத்தான் 2021-ல் மத்திய அரசு ஏசிக்கும் எல்இடிக்கும் சேர்த்து 6,238 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. மலிவு என்பதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. வீடுகளுக்கு எல்இடி பல்பு கொடுக்கிற உஜாலா திட்டத்துக்காக அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 2014-ல் 310 ரூபாய், 2016-ல் 38 ரூபாய். 38 ரூபாய்க்கு வாங்கிய பல்புக்கும் மூன்று வருட வாரண்டி இருந்தது. எத்தனை லூமன் வெளிச்சம், எத்தனை வோல்ட் தாங்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபேன்சி கேட் லைட்டுக்கு அப்படி யாரும் எழுதி வாங்குவதில்லை, படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

சரி, நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். மற்ற மாவட்டத்துக்காரர் சொல்லும் அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபர் நவம்பரில் ஐப்பசி மழை, இவை போக ஏப்ரல் மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை சும்மா வைக்கவில்லை, அந்தக் காற்றில் மழை மேலிருந்து கீழே விழாது, படுத்துக்கொண்டு வரும். மேலே மூடி இருக்கிறது, நனையாது என்று சொல்லி விற்கிற வால் லைட்டுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் போய்விடும். குளச்சல், முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. அங்கே முதலில் போவது எல்இடி அல்ல, ஸ்குரூ. துருப்பிடித்து இறுகிப்போய், உள்ளே பல்பு மாற்றலாம் என்றாலும் மூடியைத் திறக்கவே முடியாது. அப்புறம் அலுமினியத்தின் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் பொருக்காக உரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லிக் கொடுப்பதிலும் 304 வகை கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும், 316 தாங்கும், ஆனால் மலிவு லைட்டில் 304 இருந்தாலே பெரிய காரியம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் இரும்பு, அலுமினிய லைட்டே வேண்டாம். கெட்டியான பாலிகார்பனேட் உடல், இல்லாவிட்டால் பித்தளை. பித்தளை பச்சை பிடிக்கும், ஆனால் ஓட்டை விழாது.

இதைவிடப் பெரிய பிரச்சினை கரண்ட். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்ததை எல்லாரும் பேசுவார்கள். லைட் போவதற்கு அவ்வளவு பெரிய புயல் தேவையில்லை, ஒரு தென்னை மட்டை போதும். மட்டை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், மூன்று பேஸில் இருக்கிற வீடுகளுக்குள் வோல்டேஜ் தாறுமாறாகப் பிரியும். குறைவாகக் கரண்ட் எடுக்கிற வீட்டுக்கு 230 போய் 350, 400 வரைக்கும் ஏறலாம். மலிவு டிரைவருக்குள் இருப்பது பெரும்பாலும் 400 வோல்ட் கெப்பாசிட்டர். நம் வீட்டு 230 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசி ஆகும்போது 325 வோல்ட் உச்சம் வரும், அதற்கு இது போதும். வோல்டேஜ் 300 ஆனால் அந்த உச்சம் 424. கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும். ஒரே மாலையில் ஒரு தெருவே லைட் கடைக்கு வந்து நிற்பது இப்படித்தான். நல்ல பிராண்டின் அட்டைப்பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை எரியும், 440 வோல்ட் வரை பாதுகாப்பு, இடி மின்னல் அதிர்ச்சிக்கு 2.5 அல்லது 4 கிலோவோல்ட் என்று அச்சடித்திருப்பார்கள். இந்த மூன்று எண்களும் நமக்கு வாட்டைவிட முக்கியம்.

இப்போது மலிவு இறக்குமதியையே எடுத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் கூடாது என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுகிறோம், டிசம்பர் முழுக்க மாடியில் சீரியல் செட் ஓடுகிறது, அதற்குப் பிராண்ட் தேடுவது வீண். ஷோகேஸுக்குள் ஒட்டுகிற ஸ்ட்ரிப் லைட், டிவிக்குப் பின்னால் கலர் லைட், சாமி படத்துக்கோ ஜெபமேசைக்கோ மேலே ஒரு குட்டி லைட், இவையெல்லாம் 12 வோல்ட் அடாப்டரில் எரிபவை என்றால் தாராளமாக வாங்கலாம். அடாப்டரை மட்டும் நல்லதாகப் போடுங்கள். வீட்டுக்குள், கை எட்டும் உயரத்தில், போனால் போகட்டும் என்கிற இடம் என்றால் சரி. அந்த எல்லைக்கு வெளியே போனால்தான் தொல்லை.

வாட் விஷயத்தில் நடக்கும் ஏமாற்று தனி. பெட்டியில் 15 வாட் என்றிருக்கும், எடுப்பது 9. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், வாசலில் ஈபி மீட்டர் இருக்கிறது. அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிவப்பு லைட் கண் சிமிட்டும் என்று போட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே மாதிரி பத்து லைட்டைப் போடுங்கள். உண்மையிலேயே 15 வாட் என்றால் ஏழரை விநாடிக்கு ஒரு தடவை சிமிட்ட வேண்டும். பன்னிரண்டு விநாடி ஆனால் ஒவ்வொன்றும் 9 வாட் சொச்சம்தான். கரண்ட் மிச்சம்தானே என்று சிலர் சிரிப்பார்கள். மிச்சமாவது வெளிச்சமும்தான். 15 வாட் லைட் 1,500 லூமனாவது தரும் என்று கணக்குப் போட்டு ஹாலுக்கு ஆறு வைத்திருப்போம், பத்து வைத்தால்தான் அந்த வெளிச்சம் வரும். கூடவே மொபைல் கேமராவை லைட்டுக்கு நேரே காட்டிப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அடர்த்தியாக ஓடினால் அந்த லைட் விநாடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது. படிக்கிற மேசைக்கு மேல் அதை வைக்காதீர்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், ஷாக் விஷயத்தை விட முடியாது. டிஓபி லைட்டில் எல்இடி இருக்கிற பலகையிலேயே மெயின் கரண்ட் ஓடுகிறது. அந்தப் பலகைக்கும் லைட்டின் உலோக உடலுக்கும் நடுவில் இருப்பது தாளைவிட மெல்லிய ஒரு காப்புப் பூச்சு. லைட்டோடு பச்சை ஒயர் வந்து, அதை எர்த்தில் கொடுத்திருந்தால் பிரச்சினை வரும்போது ஃபியூஸோ எம்சிபியோ விழும். மலிவு கேட் லைட்டுகள் பலவற்றில் இரண்டு ஒயர்தான் வெளியே வரும், அதுவும் முடி போல மெலிந்தது. உடலோ முழு உலோகம். தூணில் லைட், தூணோடு சேர்ந்து இரும்பு கேட், கீழே மழைத்தண்ணீர், வெறுங்காலோடு கேட் திறக்க வருகிற பிள்ளைகள். வேறு எதற்குப் பைசா இல்லாவிட்டாலும் வெளி லைட் லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடுகிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டே ஆக வேண்டும்.

பிராண்டுக்கு வருவோம். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சில இடத்தில் மூன்று மடங்கு. அதற்குக் கிடைப்பது அந்த வோல்டேஜ் பாதுகாப்பு, பெட்டியில் சொன்ன வாட், சொன்ன வெளிச்சம், அப்புறம் வாரண்டி. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிய கடையில் போன பல்பை நீட்டினால் பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். ஆன்லைனில் வாங்கிய மலிவு லைட்டுக்கும் இரண்டு வருட வாரண்டி என்றுதான் போட்டிருக்கும், ஆனால் திருப்பி அனுப்பும் பத்து நாள் கழிந்த பிறகு விற்றவரைத் தேடிப் பாருங்கள், அந்தப் பெயரில் கடையே இருக்காது.

அதற்காகப் பிராண்ட் என்றால் கண்ணை மூடி வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். பல பிராண்டுகளும் மலிவோடு போட்டி போட ஒரு கீழ்வரிசை வைத்திருக்கின்றன, அதில் பெரும்பாலும் டிஓபிதான், வாரண்டியும் குறைவு. கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது அதுவாகத்தான் இருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு வாங்கும்போது டிரைவர் தனியாகத் தொங்குகிற பேனலைக் கேளுங்கள். போவது பெரும்பாலும் டிரைவர்தான், கெப்பாசிட்டர் சூட்டில் காய்வதால். டிரைவர் மேல் 300 மில்லியாம்பியர், 24 முதல் 42 வோல்ட் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அந்த மில்லியாம்பியரும் வோல்டும் ஒத்துப்போகிற இன்னொன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பேனல் அப்படியே இருக்கும். மலிவிலும் சிலவற்றில் தனி டிரைவர் உண்டு, அவை அவ்வளவு மோசமில்லை, நல்ல டிரைவர் மாற்றிப் போட்டால் வருடக்கணக்கில் ஓடுகின்றன.

ஃபால்ஸ் சீலிங்கில் இன்னொரு வில்லங்கம், துளை. இறக்குமதி லைட்டுகளின் துளை அளவு மாடலுக்கு மாடல் மாறும். எட்டு லைட்டில் ஒன்று போய், மூன்று வருடம் கழித்து அதே அளவு தேடினால் கிடைக்காது. சின்னதாக வாங்கினால் சுற்றி இடைவெளி தெரியும், பெரிதாக வாங்கினால் ஜிப்சத்தை வெட்ட வேண்டும், வெட்டினால் பெயின்ட். அளவு கிடைத்தாலும் நிறம் பொருந்தாது, பழைய ஏழும் சற்று மஞ்சளடித்து, புதியது மட்டும் வெள்ளையாகப் பல் இளிக்கும். எதை வாங்கினாலும் துளை அளவைக் குறித்து வையுங்கள், அதே பேட்சில் இரண்டு கூடுதலாக வாங்கி அலமாரியில் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது பழைய வழிதான். ஹோல்டர் உள்ள ஃபிட்டிங், அதில் ஒரு நல்ல பிராண்ட் பல்பு. 9 வாட் பல்பு சுமார் நூறு ரூபாய், 900 லூமனுக்குக் குறையாது, பழைய 60 வாட் குண்டு பல்பைவிட வெளிச்சம் கூடுதல். போனால் நாமே மாற்றலாம், எலெக்ட்ரீசியன் வரும் வரை காத்திருக்க வேண்டாம், எந்தப் பெட்டிக்கடையிலும் பல்பு இருக்கும். சிட்டவுட்டுக்குத் தொங்கும் கண்ணாடி விளக்கு, மாடிப்படிக்கு வால் பிராக்கெட், கிணற்றடிக்கும் பின்வாசலுக்கும் கண்ணாடி மூடியும் கம்பிக்கூடும் உள்ள வட்ட விளக்கு, எல்லாம் இந்த வகையில் உண்டு. அந்தக் கம்பிக்கூடு விளக்கைப் பல்க்ஹெட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ரப்பர் வாஷர் சரியாக இருந்தால் ஈசல்கூட உள்ளே போகாது. வெறும் உடல் மட்டும் இறக்குமதியாக இருந்து உள்ளே சாதாரண ஹோல்டர் இருந்தால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்வேன். உடல் எங்கே செய்தது என்பதா முக்கியம், எரிகிற பாகத்தைக் கழற்ற முடிகிறதா என்பதுதானே. ஒரு தெரிந்த எலெக்ட்ரீசியன், கேட் லைட்டை ஏணியில் இருந்தபடியே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னது: “அண்ணே, இதுல மாத்த ஒண்ணுமே வைக்கல. மொத்தமா தூரப் போட வேண்டியதுதான்.”

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. முழுக்க மூடிய சிறிய கண்ணாடிக் குண்டுக்குள் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சீக்கிரம் போகும், பல பல்புப் பெட்டிகளில் மூடிய ஃபிட்டிங்கில் போடாதே என்றே எழுதியிருக்கும். அங்கே 5 அல்லது 7 வாட் போடுங்கள், இல்லை கீழே திறந்த கண்ணாடி வாங்குங்கள். கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு, சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். வெளி லைட்டுக்குப் பீங்கான் ஹோல்டர் நல்லது. மலிவு ஃபிட்டிங்கோடு வரும் பிளாஸ்டிக் ஹோல்டரின் பின் இரும்பாக இருக்கும், கடலோரத்தில் அது துருப்பிடித்துப் பல்பு விட்டுவிட்டு எரியும். அதைப் பித்தளைப் பின் உள்ளதாக மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம்.

கணக்கைக் கேட் தூண் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். மலிவு இறக்குமதி லைட் 450 ரூபாய் என்றும், மாற்ற வருகிறவருக்கு 300 என்றும் வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒன்று போனால் எட்டு வருடத்தில் நாலு தடவை, 3,000 ரூபாய். ஹோல்டர் உள்ள கெட்டியான ஃபிட்டிங் 900, மாட்டுக்கூலி 300, எட்டு வருடத்தில் பல்பு நாலு மாற்றினாலும் 400, அதையும் நாமே மாட்டுகிறோம். 1,600-ல் முடிந்தது. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் கூலி இங்கே குறையப் போவதில்லை, கணக்கைத் திருப்பிப்போடுவது அந்தக் கூலிதான். ஆள் கிடைப்பதே பெரும்பாடு, ஒரு லைட்டுக்காக வரச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடும்.

வளைகுடாவிலிருந்து பெட்டியில் வருகிற லைட்டுகள் நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒரு வழி. தரம் பொதுவாக நன்றாகவே இருக்கும். துபாய், மஸ்கட், தோஹா எல்லாம் நம் மாதிரியே 50 ஹெர்ட்ஸ், 220 முதல் 240 வோல்ட், அதில் கவலையில்லை. சவூதியில் 60 ஹெர்ட்ஸ், ஆனாலும் எல்இடி லைட்டுக்கு அது பொருட்டில்லை. தொல்லை ஹோல்டரில். அங்கே பெரும்பாலும் திருகு வகை இ27, இங்கே வீடெல்லாம் பின் வகை பி22. இ27 பல்பு இப்போது இங்கும் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் ஜி9, ஜியு10 என்று குட்டி பல்பு போடும் ஷாண்டிலியர் கொண்டு வந்தால் அது போகும்போது மார்த்தாண்டத்தில் கிடைக்காமல் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கோ ஆன்லைனுக்கோ போக வேண்டியிருக்கும். வரும்போதே பத்து பல்பு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். திருகு ஹோல்டரில் நடுப்புள்ளிக்குத்தான் பேஸ் வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் திருகுகிற உலோக வளையத்தில் கரண்ட் நிற்கும், பல்பு மாட்டும்போது விரல் படும் இடம் அது.

உள்ளூரில் கோத்து விற்கும் பல்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடல், பலகை, டிரைவர் எல்லாம் மூட்டையாக வாங்கிச் சேர்த்து அழுத்துகிறார்கள், சந்தையில் மூன்று பல்பு நூறு ரூபாய் என்று மைக் வைத்து விற்பவை பலதும் அதுதான். செய்கிறவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது மலிவு இறக்குமதியில் இருக்கிற அதே சாமான். கோழிக்கூட்டுக்கும் விறகுப்புரைக்கும் வாங்கலாம், விறகுப்புரைக்குக்கூட தீயை நினைத்தால் யோசனைதான். ஆனால் பழுதான பேனலைத் திறந்து டிரைவர் மாற்றித் தருகிற மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள், அவர் கடை லைட் கடையைவிட உபயோகம்.

இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹால் உள்ள வீடுகளுக்கு மட்டும் என் பதில் மாறும். வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய வீடுகளில் இப்போது இது பரவலாகிவிட்டது. இருபது அடி உயரத்தில் லைட் மாற்ற ஏணி போதாது, சாரம் கட்ட வேண்டும், சாரம் கட்டுகிற கூலியில் நாலு லைட் வாங்கலாம். அங்கே பல்பு மாற்றும் வசதியும் உதவாது, ஏறினால்தானே மாற்ற. மேலே சீலிங்கில் எதுவும் வைக்காமல், மேல்மாடி வராந்தாவிலிருந்து கை எட்டும் இடத்தில் சுவர் லைட்டுகள் வைத்து மேல்நோக்கி அடிக்க விடுவதுதான் புத்தி. ஷாண்டிலியர் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் கீழே இறக்கும் மோட்டாரோ கப்பியோ சேர்த்து மாட்டுங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஹோல்டரும் இருக்கட்டும்.

அடுக்களைக்கு ஒரு நல்ல பிராண்ட் டியூப் பேட்டன், 20 வாட், 2,000 லூமன், முடிந்தது. குளியலறைக்கு ஐபி 44-க்குக் குறையாமல் பாருங்கள், வாசலில் மழை அடிக்கிற இடத்துக்கு ஐபி 65. முதல் எண் தூசியையும், இரண்டாவது தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கு. மலிவு லைட்டில் ஐபி 65 என்று அச்சடிப்பதற்குச் செலவில்லை, அதனால் மூடியைத் திறந்து ரப்பர் வாஷர் இருக்கிறதா, ஒயர் நுழையும் இடத்தில் இறுக்கும் நட்டு இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இரண்டும் இல்லாமல் ஐபி 65 கிடையாது.

வாங்கும்போது பார்க்க இன்னொன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் கொடுக்கிற பதிவு எண். எல்இடி பல்புக்கு ஐஎஸ் 16102, ஃபிட்டிங்குக்கு ஐஎஸ் 10322 என்றிருக்கும், கூடவே ஆர் என்று தொடங்கும் ஒரு எண். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்தாலும் இங்கே விற்க இந்தப் பதிவு வேண்டும். பிஐஎஸ் கேர் என்கிற ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். எண்ணே இல்லை, அல்லது எண் மொபைல் சார்ஜருக்கு எடுத்தது என்று வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். எல்இடிக்கு ஜிஎஸ்டியை 2022 ஜூலையில் 12-லிருந்து 18 ஆக்கிவிட்டார்கள், பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். குறைத்து வாங்கினால் வாரண்டிக்கு ஆதாரம் இல்லை. பில் வாங்கினாலும் அந்த மெழுகுத்தாள் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

வயரிங் நடந்துகொண்டிருக்கிற வீடு என்றால் பூச்சுக்கு முன்பே எல்லா லைட் பாயின்டுக்கும் எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள், ஃபேன்சி லைட் பாயின்டுக்கு எதற்கு எர்த் என்று கேட்பார்கள், இழுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் மாட்டியிருக்கிற மலிவு லைட்டை எல்லாம் கழற்றி எறிய வேண்டியதில்லை, எரிகிற வரை எரியட்டும், போகப் போக ஹோல்டர் வகையாக மாற்றிக்கொண்டு வாருங்கள். கேட் தூணில் இருக்கிற உலோக லைட்டுகளை மட்டும் மெயினை அணைத்துவிட்டு இடவப்பாதிக்கு முன்னால் ஒருமுறை திறக்கச் சொல்லி, உள்ளே பச்சை ஒயர் இருக்கிறதா, வாஷர் நொறுங்கிப் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.